நின்றுகொண்டு விற்ற டிவி

என் பிரிவுபசார விழாவில் நீங்கள் அடித்த கூத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஃப்ரிட்ஜ் செக்‌ஷன் பெண் ஒருத்தி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, டிவி செக்‌ஷன் நடுவில் கார்ப்பெட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்கோ சார், இங்கேர்ந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்று என் குரலிலேயே சொன்னாள். கடையே அதிர்ந்தது. நானும்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்புறம் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் சமோசா தட்டோடு பக்கத்தில் வந்து, "நிஜமாவே எதுக்கு மேடம் தரையிலே படுப்பீங்க?" என்று கேட்டார். "முதுகு வலி" என்று சொல்லி மழுப்பிவிட்டேன்.

அது பொய். மும்பையை விட்டுத் தள்ளி டோம்பிவிலிக்குக் குடிவந்த எனக்கு இப்போது பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. பழைய பொய்களைத் திருத்த நேரம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அது எனக்குத் தெரியும். வீட்டில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஹிந்தியில் எழுதியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். எனக்குத் திட்டுவது தமிழில்தான் சரியாக வரும். இதில் நான் திட்டப்போவது முக்கால்வாசி என்னைத்தான்.

குறைந்த விலையில் பெரிய டிவி கேட்டு வருகிறவர்கள்தான் நம் கடைக்குச் சோறு போடுகிறவர்கள். ஆனால் கம்பெனிக்காரன் ஒன்றும் தர்மத்துக்குப் பெரிதாகக் கொடுப்பதில்லை. எங்கேயோ ஓர் இடத்தில் கத்தரி வைத்திருப்பான். சிலதில் சத்தத்தில், சிலதில் வெளிச்சத்தில், சிலதில் உள்ளே இருக்கும் மூளையில். ஆறு மாதம் போனால் ஓர் ஆப்பை அழுத்திவிட்டுக் காப்பி போட்டுக் குடித்துவிட்டே வரலாம், அப்போதுதான் திறக்கும். கத்தரி விழுந்த இடம் பெட்டியின் மேல் எழுதியிருக்காது. பட்ஜெட் டிவி என்றால் கத்தரி இல்லாமல் இருக்காது. அது அந்த வீட்டுக்கு வலிக்காத இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். இதை இன்றைக்கு இவ்வளவு அழகாகச் சொல்கிறேனே, அன்றைக்கு எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்ச் கணக்கு மட்டும்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. செம்பூர் கடையில் நிற்க இடமில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கூட்டத்தில் இடிபட்டு என்னிடம் வந்து சேர்ந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள், பேட்ஜில் பெயரைப் பார்த்தாள்.

"தமிழ் ஆளுகளா நீங்க? தப்பிச்சேன் போங்க. அங்கன நிக்க தம்பி இந்தியிலயே கொல்லுதான்."

"சொல்லுங்கோ, என்ன பார்க்கறேள்?"

"பெரிய டிவியா வேணும் மேடம். நெட்டுல படம் வரும்லா, அது. எங்க வீட்டுக்காருக்கு."

பெயர் இசக்கியம்மாள். தாராவியில் வீடு, அங்கேயே கார்கானா என்கிற ஒரு தையல் பட்டறையில் வேலை. புருஷன் சுடலைமுத்து கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிறவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து கட்டிலிலேயே படுக்கை. நான் கேட்காமலேயே இவ்வளவையும் சொன்னாள். சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் இருந்தவள் என்று தோன்றியது.

"கை நல்லாருக்கு. தலையத் திருப்புவாக. ஆனா எந்திரிச்சு ஒக்கார முடியாது. காலைல ஒம்போதுக்கு நான் போனா வர எட்டு ஆயிரும். அதுவரைக்கும் ஃபேனத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்காக. முன்னெல்லாம் என்ன பேச்சு பேசுவாக தெரியுமா? இப்ப ஒண்ணும் கெடையாது. நேத்து கேக்காக, 'இசக்கி, அந்த ஃபேன்ல எத்தன ஆணி இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா'ன்னு."

"ஃபோன்லே படம் பார்க்கலாமே?"

"தூக்கிப் புடிச்சா அஞ்சு நிமிசத்துல கை ஓஞ்சுபோவுது. மூஞ்சியிலயே விழுது."

அவளுடைய பட்ஜெட்டுக்கு இரண்டு டிவி இருந்தன. ஒன்று நாற்பத்து மூன்று இன்ச். அதே விலைக்கு ஐம்பத்தைந்து இன்ச் ஒன்று. அந்த ஐம்பத்தைந்து எங்கள் கோடவுனில் குவிந்து கிடந்தது. தீபாவளிக்குள் தீர்க்க வேண்டும் என்று காலை மீட்டிங்கில் மானேஜர் மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார். நான் இரண்டிலும் ஒரே படத்தை ஓடவிட்டேன். வாரம் முழுக்கத் தையல் மெஷின் மிதித்த கால்கள் அல்லவா, இசக்கி அப்படியே கார்ப்பெட்டில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம், சின்னதுலதான மூஞ்சி தெளிவா இருக்கு? பெருசுல என்னமோ வெளுத்தாப்புல இருக்கே?"

"கீழே உக்காந்துண்டு பார்த்தா எப்படித் தெரியும்? எந்திருங்கோ, இப்படி நேரா வந்து நின்னு பாருங்கோ" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

நின்று பார்த்தால் பெரியது பெரியதாகத்தான் இருந்தது. "ஆமா, இது நல்லாத்தான் இருக்கு" என்றாள். விடுவேனா நான்? "அவர் படுத்த இடத்திலேர்ந்து தியேட்டர் மாதிரி இருக்கும் பாருங்கோ" என்று ஒரு போடு போட்டேன். அந்த வீட்டை நான் பார்த்ததில்லை, அந்தக் கட்டில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. பட்ஜெட் எவ்வளவு, எத்தனை இன்ச், வைஃபை இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளோடு பில் போட்டுவிட்டேன். இசக்கி முகமெல்லாம் பல்லாகப் போனாள்.

மறுநாள் டிவி மாட்டப் போனவர் எங்கள் மிஸ்திரி. அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் கடையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மராட்டிக்காரர். தாராவிச் சந்துகளில் டிவி மாட்டி மாட்டியே தமிழ் கற்றவர். அந்தத் தமிழில் டிவிக்கும் மனிதனுக்கும் ஒரே மரியாதைதான்.

அங்கிருந்து ஃபோன் செய்தார். "மேடம், இங்கே ஆள் படுத்துக்கிறான், டிவி நிக்கிறான். சரிவராது."

என் முன்னால் நான்கு கஸ்டமர்கள், பக்கத்தில் மானேஜர். "அப்போ டிவியையும் படுக்க வெச்சுடலாமா மிஸ்திரி?" என்று சிரித்தேன். "கூட வந்த ஃப்ரீ பிராக்கெட்லே மாட்டிட்டுக் கிளம்புங்கோ, உங்களுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருக்கு."

அவர் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. வேலை தெரிந்த மனிதர் ஏழே வார்த்தையில் சொல்லிவிட்டார். நான் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டேன். பீக் சீசனில் நம் காதில் இரண்டு விஷயம்தான் விழும், டார்கெட், அடுத்த கஸ்டமரின் கனைப்பு. நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். யாராவது கோணல்மாணலான தமிழிலோ ஹிந்தியிலோ ஒன்று சொன்னால், மொழியைப் பார்த்துச் சிரிக்காமல் அரை நிமிஷம் நில்லுங்கள். எனக்கு அந்த அரை நிமிஷத்துக்கு மூன்று மாதம் பிடித்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் இசக்கி மறுபடி கடைக்கு வந்தாள். தீபாவளிக்குப் பார்த்த முகம் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"டிவி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"டிவி நல்லாத்தான் மேடம் ஓடுது. நான் எங்க ஒக்காந்து பாக்க, வாசல்ல நின்னு பாக்கதோட சரி. அவுகதான் பாக்க மாட்டேங்காக. நான் வாறப்ப சத்தம் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு, அவுக கண்ண மூடிக்கிட்டுக் கெடக்காக. ரேடியோ கேக்காப்ல. ஏன்னு கேட்டா, 'நல்லாருக்கு, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்'ங்காக. சர்வீஸ்காரன் ரெண்டு தடவ வந்துட்டான். நட்டநடுவுல நின்னு பாத்தான், பிக்சர் ஓகேன்னு எழுதிட்டுப் போயிட்டான்."

கொஞ்ச நேரம் கவுண்டரில் இருந்த ரிமோட்டை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"மேடம், அவுகளுக்கு உசுரு மேலயே ஆச விட்டுப்போச்சோ? இம்புட்டுப் பெரிய டிவிலயும் மனசு ஒட்டலன்னா பொறவு எதுலதான் ஒட்டும்? நான் வேலைக்குப் போனப்பொறவு ஏதாச்சும் பண்ணிக்கிடுவாகளோன்னு மிசின்ல ஒக்காந்தாலும் தையல் கோணிக் கோணிப் போவுது."

நான் மானேஜரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "க்ளீன் ரிப்போர்ட். டிவியிலே ஃபால்ட் இல்லை, ஆள்கிட்டதான் ஃபால்ட். நாம டிவி விக்கறோம், டாக்டர் இல்லை" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். பாவம், அந்த மனுஷனுக்கு மனசு உடைந்துவிட்டது, இதில் கடை என்ன செய்ய முடியும்? ஆனால் 'பொறவு எதுலதான் ஒட்டும்' என்று அவள் கேட்டது என்னோடு ரயிலேறி வீட்டுக்கு வந்தது, சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தது. வாராந்திர லீவு நாளில் மிஸ்திரியைக் கூப்பிட்டுக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

அப்போது நான் மாட்டுங்காவில் இருந்தேன். அங்கிருந்து தாராவி கூப்பிடு தூரம். பிறந்ததிலிருந்து மாட்டுங்காவில் இருந்தவள், தாராவியை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் டிவி விற்றிருக்கிறேன், ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. மிஸ்திரி இல்லாவிட்டால் அந்தச் சந்தில் எனக்குத் திரும்பி வர வழி தெரிந்திருக்காது.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. ஒரு சுவரோரம் கட்டில். அதன் கால்மாட்டுச் சுவரில்தான் கீழே அடுப்பு, பாத்திர அலமாரி எல்லாம். டிவிக்குக் கிடைத்த இடம் அவற்றுக்கெல்லாம் மேலே, பரணைத் தொட்டுக்கொண்டு. நாற்காலி வைக்க இடமில்லாத வீட்டில் டிவி வேறெங்கே போகும்? அந்தச் சந்தில் எட்டிப் பார்த்த எல்லா வீட்டிலும் டிவி அந்த உயரத்தில்தான் இருந்தது. எல்லோரும் பாயில் உட்கார்ந்து அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் கடையிலோ எல்லா டிவியும் நிற்கிறவர் கண் மட்டத்தில்.

"வாங்கம்மா, வாங்க" என்றார் சுடலைமுத்து. மெலிந்த உடம்பு, கைகள் மட்டும் இன்னும் வேலைக்காரக் கைகள். வயிற்றின் மேல், வாயால் சொன்னால் கேட்கிற ரிமோட் இருந்தது. "இதுக்கு எங்க திருநெல்வேலித் தமிழ் வெளங்கலம்மா. இந்தியில அதட்டுனாத்தான் கேக்கு" என்று சிரித்தார். மனசு உடைந்த ஆள் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. இசக்கி காப்பிக்குப் பால் வாங்க வெளியே ஓடினாள்.

ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றபடி பார்த்தேன். அருமையான படம். பளிச்சென்ற நிறம். 'எல்லாம் சரியாத்தானே இருக்கு' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மிஸ்திரி விரலால் தரையைக் காட்டினார்.

"உக்காருங்க மேடம்."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து, முட்டி வலியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கதாநாயகி அரிசி மாவை முகத்தில் அப்பிக்கொண்ட மாதிரி வெளுத்துப்போய்ப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கீழே" என்றார் மிஸ்திரி.

படுத்தேன். ஃபினாயில் மணக்கும் தரையில், கட்டிலுக்கு இணையாக, நீட்டி. மேலே பார்த்தேன். அங்கே டிவி இல்லை. ஐம்பத்தைந்து இன்ச் வெளுப்பு இருந்தது. அதற்குள் யாரோ நடந்துபோகிற மாதிரி ஓர் அசைவு, அவ்வளவுதான். யார் ஆண், யார் பெண் என்றுகூடத் தெரியவில்லை. அந்த டிவியில் கத்தரி விழுந்த இடம் அதுதான். நேரே நின்று பார்த்தால் ராஜா மாதிரி இருக்கும். கீழிருந்து பார்த்தால் முகமே தராது. முழு நேரமும் கீழிருந்தே பார்க்க வேண்டிய ஒரு மனிதருக்கு, ஊரில் இருக்கிற டிவியையெல்லாம் விட்டுவிட்டு அதைத் தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு குரல். "தெரிஞ்சுபோச்சாம்மா?"

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மொத நாளே தெரியும். அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"ஏன் சொல்லலே நீங்க?"

"அன்னைக்கு மாட்டி, ஆன் பண்ணினாங்கல்லா, அவ டிவியப் பாக்கவே இல்லம்மா. என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னா, நான் என்ன சொல்லப்போறேன்னு. அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கவகிட்ட ஒண்ணும் தெரியலன்னு எப்படிச் சொல்ல? நல்லாருக்குட்டின்னு சொல்லிட்டேன். பொறவு மாத்திச் சொல்ல முடியல. வெளுப்பையே பாத்துக்கிட்டிருந்தா கண்ணு எரியும், அதான் மூடிக்கிடுவேன். காது நல்லாத்தான இருக்கு."

நான் எழுந்திருப்பதற்குள் இசக்கி பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றாள்.

"யம்மா! மேடத்துக்கு என்னாச்சு? மயக்கமா?"

உங்களுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது மூன்று நொடி. கட்டிலிலிருந்து சுடலைமுத்து என்னைப் பார்க்கிறார், சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சுகிறார். 'முதுகுப் பிடிப்பு' என்ற பொய் அப்போதும் என் வாய் வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் அவருடைய ரகசியம் தப்பும், அவளுடைய ஆசை தப்பும். கூடவே என் மானமும் தப்பும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உறைத்தது. பேசாமல் இருப்பது எனக்கு இவ்வளவு சௌகரியமாக இருக்கிறதென்றால், அதில் ஏதோ தப்பு இருக்க வேண்டும். அவர் மறைப்பது அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று. அவளோ புருஷனுக்கு உயிர் மேல் ஆசை போய்விட்டதென்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்திதான்.

"மயக்கமெல்லாம் இல்லே இசக்கி. இங்கே வந்து என் பக்கத்துலே படுங்கோ."

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு கையில் பாலோடேயே வந்து படுத்தாள். இரண்டு பொம்பளைகள் தரையில் மல்லாந்து கிடக்கிறோம். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள்.

"என்ன இது? ஒண்ணுமே தெரியலயே?"

"இதைத்தான் அவர் மூணு மாசமாப் பார்த்துண்டிருக்கார். தப்பு உங்க மேலே இல்லே, அவர் மேலேயும் இல்லே. அன்னிக்குக் கடையிலே உக்காந்து பார்த்து, பெரிசு வெளுத்திருக்குன்னு நீங்க சரியாத்தான் சொன்னேள். உங்களைக் கையைப் பிடிச்சு எழுப்பி நிக்க வெச்சது நான். தப்பு என்னோடது."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து நேரே கட்டிலுக்குப் போனாள்.

"மூணு மாசம்! மூணு மாசமா நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்திருக்கீகளே! ஒங்களுக்கு உசுருல ஆச விட்டுப்போச்சுன்னு நான் தெனம் அழுதுக்கிட்டுத் தைக்கேன். தெரியலட்டின்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"நீ சந்தோசமா இருந்தல்லா இசக்கி."

"நான் எங்க சந்தோசமா இருந்தேன்? நீங்க சிரிச்சீக, அதப் பாத்து நானும் சிரிச்சேன்."

அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குத் தூக்கிய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். மிஸ்திரி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி டேப்பை நீட்டி எதையோ அளக்க ஆரம்பித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, பால் பாக்கெட்டை எடுத்து அடுப்பருகில் வைத்தேன்.

மாற்றிக் கொடுக்கலாம் என்று மறுநாள் மானேஜரிடம் சண்டை போட்டேன். மூன்று மாதம் ஓடிய டிவி, கோளாறில்லாத ரிப்போர்ட், முடியாது என்றார். முடியாதுதான். வழி காட்டியது மிஸ்திரி. "மேடம், ஸ்டேஷன்லே வண்டி டைம் காட்டுற இண்டிகேட்டர் பாத்தீங்களா? ஜனங்க கீழே நிக்குது, இண்டிகேட்டர் குனியுது. டிவிகூட குனியட்டும்" என்றார். அந்த வாரம் அவரே தாராவியில் ஒரு வெல்டிங் கடையில் உட்கார்ந்து இரும்பு ஃப்ரேம் ஒன்று அடித்து வாங்கினார். நான் கூட நின்றேன். அதற்கு ஆனது என் செலவு.

அந்த வாரத்திலிருந்துதான் நான் கடைத் தரையில் படுக்க ஆரம்பித்தேன். மானேஜர் கத்தினார், பிறகு பழகிவிட்டார். 'எத்தனை இன்ச்' என்று கேட்பதற்கு முன்னால் 'வீட்டிலே எங்கேர்ந்து பார்ப்பேள்' என்று கேளுங்கள். பதிலை அவர்கள் வாயிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தரையில் உட்கார்ந்து பார்க்கிற வீடு என்றால் நீங்களும் உட்காருங்கள். உங்கள் யூனிஃபார்ம் ஒன்றும் பட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு போனோம். கூரையைத் தாங்கும் இரண்டு இரும்பு கர்டர்களில் அதை முடுக்கினார் மிஸ்திரி, கால்மாட்டுக்கு நேர் மேலே. டிவி நன்றாகக் குனிந்து கட்டிலைப் பார்க்க வேண்டும் என்று கணக்கு.

"அவுக மேல விழுந்துராதே?" என்று இசக்கி பத்துத் தடவை கேட்டாள்.

மிஸ்திரி காலி ஃப்ரேமை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார், காலையும் மடக்கிக்கொண்டார். "லோக்கல் ட்ரெயின்லே தினம் இப்படித்தான் தொங்கிட்டு வர்றது" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் டிவியை ஏற்றவிட்டாள்.

ஆன் செய்தோம். இந்தத் தடவை நாங்கள் மூன்று பேருமே டிவியைப் பார்க்கவில்லை, சுடலைமுத்துவின் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் எங்களைக் கவனிக்கவே இல்லை.

"ஏ, இவனா மாமனார்? நான் குண்டா ஒரு ஆளால்ல நெனச்சிருந்தேன்! சவத்த, இந்தக் கொரலுக்கு இவ்வளவு ஒல்லியா?" என்றார். "அந்தச் சின்னவ இவளா? பாத்தா நல்ல பிள்ளையா இருக்கா, பேச்சு மட்டும் தேளு!" மூன்று மாதமாகக் குரலை வைத்தே ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் செய்துவைத்திருக்கிறார் மனுஷன். ஒவ்வொரு முகமாக வர வர அதோடு சண்டை போட்டார், ஒத்துக்கொண்டார், மறுபடி சண்டை போட்டார். வாய் மூடவில்லை. 'முன்னெல்லாம் என்ன பேச்சு பேசுவாக' என்று இசக்கி சொன்ன அந்தப் பேச்சு எதுவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இசக்கி அடுப்பருகில் நின்று எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து டிவியின் முதுகுதான் தெரிந்தது. வாசலுக்கு வந்து பார்த்தாள். இப்போது அங்கேதான் மாவு அப்பிய முகங்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே?"

மிஸ்திரி ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டே தலையாட்டினார். "ஒரு ஜாகாதான், ஒரே இடம். எல்லாருக்கும் குனியாது."

சுடலைமுத்து பேச்சை நிறுத்தினார். இரண்டு கைகளையும் கட்டில் விளிம்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, தன்னைச் சுவர்ப் பக்கமாக ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். தலையணையையும் இழுத்துப் பாதி விட்டார். இசக்கி எங்களைப் பார்த்தாள், வெட்கமாகப் போய்விட்டது அவளுக்கு. அடுப்பை அணைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனாள். நான் மிஸ்திரியின் பையில் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

செருப்பை மாட்டும்போது உள்ளே அவர், "இப்ப வந்தாளே இந்தக் கெழவி, ஆருன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்டார். இசக்கி இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள்.